சாமான் வேற, பங்கு வேற

கேள்வி கேட்ட தங்கச்சி நம்ம காரைக்குடிப் பக்கம்தான். 1997ல கல்யாணம், 80 பவுனு, வெள்ளிச் சாமான், சீதனப் பணம்னு எல்லாம் செஞ்சுதான் கட்டிக்குடுத்திருக்காக, அப்பச்சி, அதாவது அப்பா, 2011ல உயில் எதுவும் எழுதாம தவறிட்டாக, ஆத்தா இருக்காக, இப்ப ஐயா (அப்பச்சியோட அப்பா) காலத்து வளவு வீட்டை, நடுமுற்றம் வச்ச அந்தப் பழைய வீட்டை, விக்க விலை பேசியாச்சு, அண்ணன்மார் ரெண்டு பேரும், எனக்கு பங்கு வேணாம்னு விட்டுக்குடுக்குற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து கேக்குறாக. ஒனக்குத்தான் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சே, இனிமே பங்குன்னு கேட்டா இந்த வாசப்படி மிதிக்க வேணாம்னு பெரியவுக சொல்லிட்டாகளாம். எனக்கு பங்கு உண்டா, கேக்குறது தப்பா, இதான் கேள்வி.

பங்கு உண்டு, கேக்குறது தப்பில்ல. இந்த பதிலை முழுசா படிக்கிற வரைக்கும் எதுலயும் கையெழுத்து போடாதீக. நான் இருபது வருஷத்துக்கு மேல இந்தப் பக்கத்துல சிவில் கேஸ் பாக்குறேன், நானும் நகரத்தார் வீட்டு ஆச்சிதான், என் கழுத்துலயும் நம்ம பக்கக் கல்யாணத் தாலியான கழுத்துரு ஏறித்தான் வந்தேன், அதனால சட்டம் மட்டும் சொல்லிட்டுப் போக முடியல, கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

முதல்ல கணக்கு. வீடு ஐயா வழி வந்த பூர்வீகச் சொத்து, இதுவரைக்கும் பதிவான பாகப்பிரிவினை எதுவும் நடக்கலைனா, 2005ல வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டப்படி, அது 2005 செப்டம்பர் 9ல அமலுக்கு வந்துச்சு, மகளும் மகன் மாதிரியே பிறப்பால பங்குதாரர். தமிழ்நாட்டுல அதுக்கு முன்னாடியே 1989 மார்ச் 25லேருந்து கல்யாணம் ஆகாத பொண்ணுகளுக்கு இந்த உரிமையைக் குடுத்தாச்சு, நீங்க 1997ல கட்டிக்கிட்டவுக, அதனால அந்தச் சட்டத்துலயே நீங்க உள்ளதான். அப்ப உங்க அப்பச்சியோட பாகத்துக்கு அப்பச்சி, ரெண்டு அண்ணன், நீங்க, ஆக நாலு பேருக்கு ஆளுக்கு நாலுல ஒண்ணு. அப்பச்சி தவறிட்டாக, அவுக நாலுல ஒண்ணு திரும்ப ஆத்தா, ரெண்டு அண்ணன், நீங்கன்னு நாலாப் பிரியும், அது பதினாறுல ஒண்ணு. கூட்டிப் பாத்தா உங்களுக்கு 5/16, அண்ணன்மாருக்கும் ஆளுக்கு 5/16, ஆத்தாவுக்கு 1/16. ஒருவேளை சொத்து ஐயாவே சம்பாரிச்சது, ஐயா 1956க்கு அப்புறம் உயில் எழுதாம தவறி அப்பச்சிக்கு வாரிசா வந்துச்சுன்னா, அப்ப அது அப்பச்சியோட தனிச் சொத்தாத்தான் கணக்காகும், அந்தக் கணக்குல நாலு பேருக்கும் சரிசமமா 1/4. எந்த வழியில போனாலும் உங்க பங்கு காணாமப் போகாது.

அப்பச்சி உயிரோட இருந்தாத்தான் மகளுக்கு உரிமை, அவுக அதுக்கு முன்னாடியே தவறிட்டா கிடையாதுன்னு ஒரு பேச்சு ஊருக்குள்ள இன்னும் ஓடுது. 2005 செப்டம்பர் 9ல அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டே ஒரு தீர்ப்புல சொன்னது உண்மைதான், ஆனா 2020 ஆகஸ்ட் 11ல வினீதா சர்மா கேஸுல மூணு நீதிபதி பெஞ்ச் அதை மாத்தி, உரிமை பிறப்பால வர்றது, அப்பா அன்னைக்கு உயிரோட இருக்கணும்னு அவசியமில்லைன்னு தெளிவாச் சொல்லிருச்சு. வாய்மொழியா பிரிச்சுக்கிட்டோம்னு சொல்லி மகளை ஒதுக்குறதையும் லேசுல ஏத்துக்கக் கூடாதுன்னு அதே தீர்ப்புல இருக்கு. 2004 டிசம்பர் 20க்கு முன்னாடி பதிவுப் பத்திரம் மூலமாவோ கோர்ட் தீர்ப்பாணை மூலமாவோ பிரிச்சு முடிஞ்ச சொத்தை மட்டும் இப்ப தொட முடியாது. இன்னொண்ணு, நம்ம பக்க வீடுகளுக்கு ரொம்ப முக்கியமானது: 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துல 23வது பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு, குடும்பம் குடியிருக்குற வீட்டை ஆம்பளை வாரிசுகளாப் பாத்து பிரிச்சுக்க முடிவு பண்ற வரைக்கும் பொம்பளை வாரிசு பிரிவினை கேக்க முடியாது, கல்யாணம் ஆகி புருஷனோட இருக்குற மகளுக்கு அந்த வீட்டுல தங்குற உரிமைகூட கிடையாது. வளவு வீட்டுல பொறந்து அந்தப் பட்டாலையிலயே வளந்த பொண்ணுக்கு அம்பது வருஷமா சட்டமே கதவைச் சாத்தி வச்சிருந்துச்சு. 2005ல அந்தப் பிரிவையே எடுத்துட்டாக.

இப்ப "எல்லாம் செஞ்சாச்சே"ங்குற பேச்சுக்கு வர்றேன், இதுதான் எனக்கு மனசு கொதிக்கிற இடம்.

நம்ம அப்பத்தா, ஆயா காலத்துல சீதனம்னா என்னன்னு இப்ப உள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. பர்மா, மலேயா, சிலோன்னு வட்டிக்கடை நடத்துன காலத்துல கடைக் கணக்குல முதல் பணம், மேம்பணம்னு தனித்தனித் தலைப்பு இருந்த மாதிரி ஆச்சிமார் பணம்னும் ஒரு தலைப்பு இருந்துச்சு. வீட்டுப் பொம்பளைக கொண்டு வந்த பணம் கடையில அவுக பேர்ல வரவா நிக்கும், அதுக்கு வட்டி ஏறும், அவுகளும் வெளியூர்ல இருக்குற புருஷனுக்குக் கடிதாசி எழுதி கணக்குக் கேப்பாக. செட்டியார் ரங்கூன்ல மூணு வருஷம் இருப்பாக, இங்க வீடு, வயல், நல்லது கெட்டது, கொடுக்கல் வாங்கல் எல்லாத்தையும் ஆச்சிதான் பாத்துக்கிட்டாக. கல்யாணத்துல இசைகுடிமானம் எழுதுறாகளே, என்னென்ன குடுக்குறது வாங்குறதுன்னு எழுதி ரெண்டு பக்கமும் ஒப்புக்கிறது, அதெல்லாம் பொண்ணுக்கு ஒரு பிடிமானம். இதை நான் பெருமைக்காகச் சொல்லல. அந்தக் காலத்துலயும் நிலத்துலயும் வீட்டுலயும் பொண்ணுக்கு பங்கு கிடையாது, புருஷன் தவறிட்டா வெள்ளைச் சேலையும் ஒதுங்குன வாழ்க்கையும்தான், 1937ல வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டத்துல விதவைக்கு புருஷன் பங்கு கிடைச்சதுகூட ஆயுள் வரைக்கும் அனுபவிக்க மட்டும், விக்கவோ எழுதி வைக்கவோ முடியாது, 1956ல 14வது பிரிவு வந்தப்புறம்தான் அது முழு உரிமையாச்சு. ஆனாலும் சீதனம்ங்குறது அவ பணம், அவ பேர், அவ கணக்குன்னு ஒரு நியாயம் இருந்துச்சு.

1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்ததும் கடையும் போச்சு, கணக்கும் போச்சு, நிறைய ஆச்சிமார் பணமும் அதோட போச்சு. அப்புறம் வந்த தலைமுறையில சீதனம் மெல்ல மெல்ல கைமாறி, பொண்ணுக்கு வரவு வைக்கிற பணம்ங்குறது போயி மாப்பிள்ளைக்குக் குடுக்குற விலைன்னு ஆயிருச்சு. இஞ்சினியர் மாப்பிள்ளைக்கு ஒண்ணு, அமெரிக்கா மாப்பிள்ளைக்கு ஒண்ணு. இப்பல்லாம் யாரும் வாய்விட்டுக் கேக்குறதில்ல, "நாங்க எதுவும் கேக்கல, ஒங்க பொண்ணுக்கு நீங்க செய்றதைச் செய்ங்க"ன்னு ஒரு வரி, அந்த ஒரு வரியில பொண்ணப் பெத்தவுக ராத்தூக்கம் போயிரும். வைரத்தோடு இருக்கான்னு பாக்குறதும், சாமான் பரப்பி வச்சா எத்தனை டஜன்னு எண்ணுறதும், முதல் தீபாவளி, பொங்கப்பானை, பிள்ளை பொறந்தா அதுக்கு ஒரு முறைன்னு முறைச்சிட்டை நீண்டுக்கிட்டே போறதும் உங்களுக்கே தெரியும்.

அந்த சாமானெல்லாம் கடைசியில எங்க போகுதுன்னு பாக்கணும்னா காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. பித்தளைக் குடம், எனாமல் தூக்கு, ஜப்பான் பீங்கான், மரப்பெட்டின்னு கடை கடையா அடுக்கிக் கிடக்கு, பேர் வெட்டுன பாத்திரத்தைத் திருப்பிப் பாத்தா ஏதோ ஒரு ஆச்சியோட இனிஷியல் இருக்கும். அது அவுக அப்பச்சி கடன் வாங்கிக்கூட குடுத்திருப்பாக, அவுக அதுல ஒருநாளும் சமைச்சிருக்க மாட்டாக, இரண்டாங்கட்டு அறையில பூட்டியே இருந்து கிலோ கணக்குல போயிருக்கும். பாத்திரம் பழசானா விலை குறையும், இடம் பழசானா விலை ஏறும். பொண்ணுக்குக் குடுத்தது பாத்திரம், பையனுக்கு வச்சது இடம். இதை ரெண்டும் சமம்னு சொல்றவுக ஒரு தடவை கணக்கு நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு சொல்லணும், நம்ம கணக்கு தெரிஞ்ச சமூகம்தானே.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. கல்யாணத்துல செஞ்சதை வாரிசுப் பங்குல கழிக்கணும்னு இந்து வாரிசுரிமைச் சட்டத்துல ஒரு வரி கிடையாது. மும்பை ஐகோர்ட்டோட கோவா பெஞ்ச் 2023ல ஒரு கேஸுல, அங்க உள்ள சட்டம் வேற, ஆனா கேள்வி இதேதான், மகளுக்கு வரதட்சணை குடுத்தாக்கூட குடும்பச் சொத்துல அவ உரிமை போயிராதுன்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. இன்னும் உள்ள போனா, 1961 வரதட்சணை தடுப்புச் சட்டப்படி அது கேட்டு வாங்குனதா இருந்தா குற்றம், குறைஞ்சது அஞ்சு வருஷம் தண்டனை, அப்புறம் 6வது பிரிவுப்படி பொண்ணு தவிர வேற யார் கைக்கு அந்தப் பணம் போயிருந்தாலும் கல்யாணம் ஆகி மூணு மாசத்துக்குள்ள அவ பேருக்கு மாத்திக் குடுக்கணும். எத்தனை வீட்டுல குடுத்தாக? நகையும் சாமானும் மாமியார் லாக்கர்ல இருந்தாலும் அது பொண்ணோட சொத்து, புருஷன் வீட்டார் வெறும் காப்பாளர்தான், திருப்பித் தரலைனா நம்பிக்கை மோசடின்னு 1985லயே பிரதிபா ராணி கேஸுல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. குடுத்தவனும் குற்றவாளிதான்னு பயமுறுத்தி பொண்ணு வீட்டுக்காரங்க வாயை அடைக்கிறாக, பாதிக்கப்பட்டவுக குடுக்குற வாக்குமூலத்தை வச்சு அவுக மேலயே வழக்குப் போடக் கூடாதுன்னு அதே சட்டத்துல 7வது பிரிவுல இருக்கு, இதை யாரும் சொல்றதில்ல. வரதட்சணைச் சாவு நம்ம நாட்டுல 2022ல மட்டும் 6,000க்கு மேல பதிவாகியிருக்கு. நம்ம பக்கம் அப்படியெல்லாம் இல்லைன்னு சொல்லிக்கிறோம், கோர்ட்டுல உக்காந்து பாத்த எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரல.

என் கதையையும் சொல்லிர்றேன். எனக்கு 1988ல கல்யாணம், அப்ப பத்தொன்பது வயசு. அப்பச்சி 1993ல தவறுனாக. கருமாதி முடிஞ்ச மறு மாசம் பத்திர ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனாக, பட்டுச்சேலை எடுத்துக் குடுத்து ரெண்டு பவுன்ல வளையல் போட்டு, "சும்மா ஒரு கையெழுத்து ஆத்தா"ன்னு சொன்னாக. நான் வாசிக்கக்கூட இல்ல. வாசிக்கத் தெரியாதவ இல்ல நான், கூடப்பிறந்தவுக மூஞ்சிக்கு முன்னாடி பத்திரத்தை விரிச்சு வாசிக்க வெக்கமா இருந்துச்சு. 1989 சட்டத்துல அந்த மார்ச் 25க்கு முன்னாடி கட்டிக்கிட்டவுகளை விட்டுட்டாக, அதனால பூர்வீகத்துல எனக்கு அன்னைக்கு பிறப்புரிமை இல்லதான், ஆனா அப்பச்சி பங்குக்கு நான் முதல் நிலை வாரிசு, அது 1956லேருந்தே இருக்கு, அதைத்தான் எழுதிக் குடுத்தேன்னு மூணு வருஷம் கழிச்சு மதுரையில சட்டம் படிக்கப் போனப்பதான் எனக்கே தெரிஞ்சுது. பதிவாயிருச்சு, பிரிவினையும் பதிவாயிருச்சு, 2005 சட்டமும் எனக்கு உதவாது. அந்த வளையலை நான் இன்னைக்கு வரைக்கும் போட்டதில்ல. உங்களுக்கு 1997ல கல்யாணம்னு படிச்ச உடனே எனக்கு முதல்ல தோணுனது, இந்தப் பிள்ளைக்கு இன்னும் நேரம் இருக்குங்குறதுதான்.

பொம்பளை சொத்துக்கு கோர்ட்டு ஏறுறது நம்ம மண்ணுக்குப் புதுசுன்னு யாராவது சொன்னா சிவகங்கைக் கதையைச் சொல்லுங்க. ஜமீன்தார் கௌரி வல்லபர் 1829ல தவறுன உடனே கூடப்பிறந்தவர் வழி ஆம்பளை வாரிசுக ஜமீனைப் பிடிச்சுக்கிட்டாக. கேஸ் மேல கேஸா முப்பது வருஷத்துக்கு மேல நடந்து, கடைசியில ஜமீன்தாரோட மக காத்தம நாச்சியார் 1863ல லண்டன் பிரிவி கவுன்சில்ல, அன்னைக்கு அதான் கடைசி மேல்முறையீட்டு கோர்ட், ஜெயிச்சாக, அப்பா தானா சம்பாரிச்ச சொத்துன்னா கூட்டுக் குடும்பமாவே இருந்தாலும் மனைவி மக்களுக்குத்தான் முதல்ல போகும், பங்காளிக்கு அப்புறம்தான்னு. அன்னைக்கு அந்த உரிமையும் ஆயுள் மட்டும்தான். ஆனா அந்தத் தீர்ப்பை 2022 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் எடுத்துக் காட்டித்தான், 1956க்கு முன்னாடி செத்தவரோட சுயசம்பாத்தியத்துலகூட மகளுக்குத்தான் உரிமை, அண்ணன் தம்பி மகனுக்கு இல்லைன்னு நம்ம தமிழ்நாட்டுக் கேஸ் ஒண்ணுல சொல்லுச்சு. சிவகங்கையில ஒரு பொம்பளை விடாம நடத்துன கேஸ் 159 வருஷம் கழிச்சு தமிழ்நாட்டு மகள்களுக்குக் கைகொடுத்திருக்கு.

பெரியவுக இன்னொரு காரணம் சொல்லுவாக, அதையும் பேசிறணும். பொண்ணு கட்டிப்போனா வேற கோயில், வேற புள்ளி (கல்யாணம் ஆன ஒவ்வொரு குடும்பமும் கோயில் கணக்குல ஒரு புள்ளி), இந்த வீட்டுக் கணக்குல அவ இல்லைன்னு. ஒன்பது கோயிலும் புள்ளி வரியும் நம்ம வழிபாட்டு முறை, அதை நான் மதிக்கிறேன், எம் பிள்ளைக கல்யாணத்துக்கும் அப்படித்தான் கோயில் மாலை வாங்குனேன். ஆனா புள்ளி கோயில் கணக்கு, பட்டாவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. மகன் இல்லாத வீட்டுல பிள்ளை கூட்டிக்கிறாகளே, அங்கதான் இது ரொம்ப வலிக்கும், பெத்த மக மூணு பேர் இருக்க, பங்காளி வீட்டுலேருந்து ஒரு பையனைக் கூட்டி வந்து அவனுக்கே வீடு, தோட்டம், பேங்க் பணம்னு எல்லாம் அவன்தான்னு நினைச்சுக்கிறாக. கூட்டிக்கிட்ட பிள்ளைக்கு ஒரு மகனோட பங்கு உண்டு, பெத்த மகள்களுக்கும் அதே பங்கு உண்டு, சுவீகாரம் எடுத்ததால மகள் வாரிசு இல்லாமப் போகமாட்டா. உயில் எழுதி வச்சா மாறலாம், அதுவும் அவுகவுக பங்கு அளவுக்குத்தான்.

இது செட்டியார் வீட்டுக் கதை மட்டும் இல்ல. எங்க வீட்டுல வேலை பாத்த அக்கா, வளவைக் கூட்டித் துடைச்சே காலம் போக்குனவுக, அவுக மகளுக்கு பத்துப் பவுனும் ஒரு வண்டியும் போட்டுக் கட்டிக்குடுத்தாக, அவுக கொண்டாடுற முறை இல்ல அது, எங்களைப் பாத்து வந்தது. அந்தக் கடனை அடைக்க மானம் பாத்த பூமி ஒரு ஏக்கரை வித்தாக, அந்த மகளுக்கு பங்கு குடுக்க இப்ப அங்க நிலமே இல்ல. முஸ்லிம் வீடுகள்ல ஷரியத் கணக்கு, மகளுக்கு மகன் பங்குல பாதி, கிறிஸ்தவ வீடுகளுக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம், மகனுக்கும் மகளுக்கும் சமம். எந்த வீடா இருந்தாலும் விடுதலைப் பத்திரம் எழுதுற அன்னைக்கு பொண்ணுக்குச் சொல்ற வார்த்தை ஒண்ணுதான்.

சரி, இப்ப என்ன செய்யணும்னு சொல்றேன். முதல்ல வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க, உங்களுக்குத் தெரியாம ஏதும் பதிவாயிருக்கான்னு தெரிஞ்சிரும், மூலப் பத்திரத்துக்கு நகல் மனு போட்டு வாங்குங்க. வாரிசுச் சான்றிதழ்ல உங்க பேர் இருக்கான்னு பாருங்க, மகள் பேரை விட்டுட்டு வாங்குற பழக்கம் இங்க உண்டு, விட்டிருந்தா தாசில்தாருக்கு ஆட்சேபணை குடுக்கலாம். விடுதலைப் பத்திரத்தோட டிராஃப்டைக் கேட்டு வாங்கி வீட்டுல வச்சு வாசிங்க, "உரிய தொகை பெற்றுக்கொண்டேன்"னு ஒரு வரி இருக்கும், அந்தத் தொகை எவ்வளவுன்னு பாருங்க. ஒருதடவை போட்டுட்டா ஏமாத்தி வாங்குனாக, மிரட்டி வாங்குனாகன்னு நிரூபிக்கிறது உங்க பொறுப்பு, அதுக்கும் தெரிய வந்ததுலேருந்து மூணு வருஷம்தான். வீட்டை அப்படியே விக்காம பிரிச்சு வித்தாலும் தேக்குத் தூண், நிலை, கல், ஓடு எல்லாத்துலயும் அதே பங்கு உண்டு, இதை நம்ம ஊருல ரொம்பப் பேர் விட்டுர்றாக.

அண்ணன்மாரோட முதல்ல பேசுங்க. விவரம் தெரிஞ்சு வாங்குறவுக மகள் கையெழுத்து இல்லாம வாங்க யோசிப்பாக, அதனால உங்க பேச்சுக்கு எடை இருக்கு. வீடு பல பங்காளி பேர்ல இருந்தா உங்க அப்பச்சி பாகத்துலதான் இந்தக் கணக்கு, அதையும் மனசுல வச்சுக்கங்க, ரொம்பப் பெரிய தொகையா வராமலும் போகலாம். பேச்சுல முடியலைனா வக்கீல் நோட்டீஸ், அதுக்கும் அசையலைனா பாகப்பிரிவினை வழக்கும் விக்கக் கூடாதுன்னு இடைக்காலத் தடையும். பொம்பளைகளுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி 1987 சட்டப்படி உண்டு, சிவகங்கையில மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல போயி ஒரு மனு குடுத்தா போதும், சமரசத்துக்கும் அவுகளே உக்காத்தி வைப்பாக.

கேக்குறது தப்பான்னு கேட்டீக. அப்பச்சிக்கு முடியாம இருந்தப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடுனது நீங்களும்தான்னு எழுதியிருந்தீக, அப்ப யாரும் நீ வேற புள்ளின்னு சொல்லலையே. வாசப்படி மிதிக்காதன்னு சொல்றவுக இன்னும் ரெண்டு மாசத்துல அந்த வாசப்படியையே நிலையோட பேத்து விக்கப் போறாக.

கடைசியா ஆத்தா. அவுக 1/16 பங்கை யாரும் நினைச்சே பாத்திருக்க மாட்டாக, வீட்டை வித்தா அவுக எங்க இருப்பாகன்னு உங்க கேள்வியிலயும் இல்ல. அவுக பணத்தை அவுக பேர்ல பேங்க்ல போடச் சொல்லுங்க, இருக்க இடம் எழுத்துல வரட்டும், அவுகளையும் அவசரமா கையெழுத்து போட விடாதீக. கிரயத் தேதி வர்ற பதினெட்டுன்னு சொன்னீக, அதுக்கு முன்னாடி வில்லங்கமும் டிராஃப்டும் எடுத்துட்டு ஆத்தாவையும் கூட்டிக்கிட்டு ஒரு வக்கீலைப் பாத்துருங்க.